மச்சானின் வலக்கையும் மரை போன துளைகளும்

கறுப்புப் பிளாஸ்டிக் தட்டில் ஆங்காங்கே சோற்றுப் பருக்கை ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். என் அக்காவின் கணவரை நினைக்கும்போதெல்லாம் முதலில் என் கண்முன் வந்து நிற்பது அவருடைய முகமன்று. முடிச்சூர் வீட்டின் கூடத்தில், பழைய போர்வையொன்றின்மேல் சக்கரங்களின்றிக் கவிழ்ந்து கிடந்த ரிமோட் காரின் அடிப்பகுதிதான். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் ஒரு திருகாணித் துளை. ஒவ்வொன்றும் மரை தேய்ந்து, அடைக்கப்பட்டு, புதிதாகத் துளையிடப்பட்டு, மறுபடியும் தேய்ந்தது. பேச்சு மேடையையே கல்லூரி வாழ்வின் பெரும்பகுதியாகக் கொண்ட எனக்கு, எப்பொருளைப் பற்றியும் இரு தரப்பிலும் நின்று பேசுவது எளிது. தலைப்பைக் கொடுத்துச் சிறிது நேரம் விட்டால் போதும், வாதங்கள் வரிசையில் வந்து நிற்கும். அந்தக் காரைப் பற்றி மட்டும் நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. அதில் நிற்பதற்கு எனக்கொரு தரப்பு அமையவில்லை.

என் கல்லூரி தாம்பரத்தில் என்பதால் நான் அக்கா வீட்டில் தங்கிப் படித்தேன். மச்சான் வீடுகளுக்குப் போய் ஏ.சி. பழுதுபார்ப்பவர். தாம்பரத்தில் தொடங்கிக் கீழ்க்கட்டளை, பள்ளிக்கரணை வரையில் அவருக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கோடைக்காலத்தில் அவரைக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பார்ப்பதே அரிது. அந்த வேலையில் அவர் தனிப்பெருமையாகக் கருதியது ஒன்றே ஒன்றை. செம்புக் குழாயின் வாயை மலர்த்தி, அதன்மேல் பித்தளை நட்டைப் பூட்ட வேண்டும். குறைவாக முறுக்கினால் வாயு கசியும். மிகுதியாக முறுக்கினால் மலர்ந்த செம்பு கிழிந்து அப்போதும் வாயு கசியும். இரண்டுக்கும் நடுவே நட்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. "ஸ்பேனர் சொல்லும் மேடம். நாம காது குடுத்தா போதும்" என்பார். நான் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கி வீடு திரும்பத் தொடங்கிய பிறகு அவர் என்னை மேடம் என்றுதான் அழைத்தார். அந்த அழைப்பில் பாதி கிண்டல், பாதி மரியாதை. இரண்டையும் நான் எனக்குரியவையாகவே ஏற்றுக்கொண்டேன்.

ஒரு வெயில் நாளில், சுவருக்கு வெளியில் பொருத்தும் ஏ.சி. பெட்டியொன்றை இறக்கும்போது அதன் தகர விளிம்பு அவருடைய வலது மணிக்கட்டைக் கிழித்தது. நரம்பு அறுந்துபோயிற்று. மருத்துவமனையில் அதைச் சேர்த்துத் தைத்தார்கள். காயம் ஆறியது, விரல்கள் மடங்கின, நீண்டன. ஆனால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் தொடுவுணர்வு இல்லை. நரம்பு மெல்லத்தான் வளரும், எவ்வளவு வரும் என்று இப்போது சொல்வதற்கில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உணர்வற்ற கை என்பதை நான் அதுவரை ஒரு உவமையாக மட்டுமே மேடையில் பயன்படுத்தியிருந்தேன். அந்த வீட்டில் அது ஆவி பறக்கும் சோறாக வந்தது. மச்சான் பேசிக்கொண்டே பிசைந்து வாயில் வைத்து, நாக்கு சுட்டதும் திடுக்கிட்டு, பிறகு குனிந்து தம் விரல் நுனிகளைப் பார்ப்பார், அவை சிவந்திருக்கும். பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் கைகொடுத்து முகமன் சொல்லும்போது, தம் கைக்குள் இன்னொருவர் கை வந்ததையும் போனதையும் கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டதாக அன்று வீட்டுக்கு வந்து சொன்னார். பிரியாணித் தட்டின்முன் உட்கார்ந்து அதைச் சொன்னார்.

கைப்பயிற்சி கொடுத்தவர், பட்டாணியையும் அரிசியையும் கலந்துவைத்துத் தனித்தனியாகப் பொறுக்கச் சொல்லியிருந்தார். மச்சான் ஒரு நாள் பொறுக்கினார். மறுநாள் தட்டைத் தள்ளிவைத்தார்.

"இன்னாம்மா இது, கல்யாண வூட்டு சமையக்கட்டா? ஆம்பள குந்திகினு பட்டாணி பொறுக்கிகினு கீறேன்!"

"பொறுக்கினாத்தான் கை வரும்னு சொல்லியிருக்காங்கல்ல?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரிஞ்ச வேலைய செஞ்சா கை வராதா?"

அப்படித்தான் கட்டிலுக்கடியிலிருந்து அந்தத் தகரப் பெட்டி வெளியே வந்தது. உள்ளே இருந்த கார், மச்சானைப் பெற்ற அத்தா சவூதியில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறைக்கு வரும்போது வாங்கி வந்தது. ஜப்பானில் செய்து, பாகம் பாகமாக வந்ததை வீட்டில் பூட்டிக்கொள்ளும் வகை. கையில் பிடிக்கும் பெட்டியிலிருந்து நீளும் ஏரியல் அன்று சிறுவனாயிருந்த மச்சானின் உயரத்துக்கு மேலே போகுமாம். வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்த ஆண்டில் அந்தப் பெட்டியும் சேற்றுநீரில் கிடந்தது. நீர் வடிந்த பிறகு அக்கா கழுவிக் காயவைத்து மூடியதோடு சரி. திருகாணிகள் உள்ளுக்குள் துருவேறிப் பருத்திருந்தன. மச்சான் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது, பிளாஸ்டிக்கில் இருந்த மரையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தன. பற்சக்கரப் பெட்டியைத் தாங்கும் சிறு தூண்கள் எல்லாவற்றிலும் வழவழவென்று வெறும் ஓட்டைகள். திருகாணியைப் போட்டால் விழும், திருப்பினால் சுற்றும், எங்கும் பிடிக்காது.

மச்சானுக்கு அது வருத்தமாக இல்லை. அவர் தேடிய பரீட்சை அதுதான் என்பதுபோல் முகம் தெளிந்தது. "இந்த பிளாஸ்டிக் ரொம்ப ரோஷக்காரன் மேடம். கொஞ்சம் அதிகமா முறுக்குனா மரை பூடும். எங்க நிறுத்தணும்னு விரலுக்குத் தெரிஞ்சாத்தான் நிக்கும். இது நின்னுச்சுன்னா கை வந்துடுச்சுன்னு அர்த்தம். கை வந்துச்சுன்னா வேலைக்குப் போலாம்." இந்தச் சொற்களை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்றுமுதல் அந்த வீட்டில் மூவரும் எதை எதிர்பார்த்திருந்தோம் என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

பெரிய திருகாணி போட்டால் உடனே பிடிக்கும், ஆனால் தூண் பிளந்துவிடும் என்று முதல் நாளே ஒதுக்கிவிட்டார். மரத்தில் செய்வதுபோல் குச்சியைச் செருகிப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் அது ஒட்டாமல் திருகாணியோடு சேர்ந்து சுழன்றது. கடைசியில் அவர் நிலைத்த முறை இது. துளைக்குள் ஒட்டுப்பசையைச் சொட்டவிட்டு, அதன்மேல் ஆப்ப சோடாவைத் தூவுவார். இரண்டும் சேர்ந்த கணத்தில் சிறு புகை எழும்; வெண்கல்லாக இறுகும். மறுபடி பசை, மறுபடி சோடா. துளை நிறைந்ததும் மெல்லிய துளையூசியால் கையாலேயே துளையிட்டு, புதிய திருகாணியை இறக்குவார். ஏற்கெனவே மரை விழுந்த துளையானால் முதலில் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும், பழைய தடத்தில் திருகாணி 'டக்' என்று விழும், அதன்பிறகே முன்பக்கம். அந்த 'டக்' அவர் விரலுக்கு எட்டவில்லை. எனவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, காதைத் தூணருகே கொண்டுபோய்க் கேட்பார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து பிளாஸ்டிக்கின்மேல் சொட்டும்.

அதன்பின் முறுக்குவார். திருகாணியின் தலை தட்டில் படியும். அங்கே நிறுத்த வேண்டும். அவர் நிறுத்தமாட்டார், நிறுத்த வேண்டிய இடம் வந்துவிட்டதென்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும், அந்த மெல்லிய நெரிசல் ஒலி, பிறகு திடீரென்று ஒரு தளர்வு. திருப்புளி வெறுமனே சுற்றும்போதுதான், கண்ணால் பார்த்து, அவர் கையை எடுப்பார். வெண்பொடி கொட்டும். ஊதிவிட்டுப் பசைக்குழாயைத் தேடுவார். இப்படி வாரங்கள் போயின, மாதங்கள் போயின. வீட்டில் ஆப்ப சோடா தீர்ந்துகொண்டே இருந்தது. ஆப்பம் மட்டும் ஒரு நாளும் சுடவில்லை என்று அக்கா ஒருமுறை சிரித்தாள். அந்தச் சிரிப்பும் நாளடைவில் நின்றது. மச்சான் உறங்குவதைக் குறைத்தார், பிறகு பேசுவதைக் குறைத்தார். கருவிப் பையை எடுத்துப் பரணில் போட்டார்.

அக்காலத்தில் ஒருநாள் நான் அவரிடம் நம்பிக்கை குறித்துப் பேசினேன். மாவட்ட அளவில் பரிசு பெற்ற உரையின் நடுப்பகுதி அது. அவருக்காகச் சற்றே மாற்றியிருந்தேன். தொடக்கமும் ஏற்றமும் முடிப்பும் பழுதின்றி அமைந்தன என்பதை இன்றும் சொல்வேன். மச்சான் முழுவதும் கேட்டார்.

"சூப்பர் மேடம். கை தட்டலாம்னுதான் பாக்குறேன். தட்டுனா ஒரு கைக்கு மட்டும்தான் தெரியுது."

அக்கா தாம்பரத்தில் பல் கட்டும் கூடமொன்றில் வேலை பார்த்தாள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளுக்கு ஏற்பச் செயற்கைப் பற்கள் செய்யும் இடம் அது. ஒரு பொடியும் ஒரு திரவமும் சேர்த்துக் குழைத்தால் சிறிது நேரத்தில் எலும்புபோல் இறுகும். உடையாமலிருக்க அதனுள் கண்ணாடி இழைகளையும் பதிப்பார்கள். அந்தத் திரவத்துக்கு மூக்கின் உட்புறத்தைக் கிள்ளும் ஒரு நெடி உண்டு. எத்தனை முறை கைகழுவினாலும் மாலையில் அக்கா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவளுடைய துப்பட்டாவிலிருந்து அந்த நெடி நுழைந்துவிடும். நாங்கள் அதற்குப் பழகிப்போயிருந்தோம். வீட்டின் நெடியாகவே அது ஆகிவிட்டது.

பின்பொரு நாள் திருகாணி நின்றது.

மச்சான் முறுக்கினார்; தலை தட்டில் படிந்தது; மேலும் முறுக்கினார்; அது அசையவில்லை. அவர் விரல்கள் திருப்புளியின்மேல் வழுக்கின, ஆனால் தூண் நெரியவில்லை, பொடி கொட்டவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் திருப்புளியை வாங்கிச் சோதித்தேன். உறுதியாகப் பிடித்திருந்தது. அடுத்ததைப் போட்டார். அதுவும் நின்றது.

"ஏம்மா! இங்க வா! நின்னுச்சு பாரு! அல்ஹம்துலில்லாஹ், கை வந்துடுச்சும்மா!"

அக்கா சமையலறை வாசல்வரை வந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் பற்கள் தெரிந்தன. அவள் பார்த்தாள், தலையசைத்தாள், விரைந்து உள்ளே திரும்பிவிட்டாள். மகிழ்ச்சியில் அழப்போகிறாள் என்றுதான் நான் எண்ணினேன். அன்று இரவு மச்சான் நன்றாக உறங்கினார். அடுத்தடுத்த நாள்களில் கார் முழுமையாகப் பூட்டப்பட்டது. தெருமுனையிலுள்ள காலிமனையில் அதை ஓட்டியபோது, மண்ணை வாரியிறைத்துக்கொண்டு அது குட்டிச்சுவரில் மோதிக் கவிழ்ந்தது. அதன்பிறகும் ஒரு திருகாணி தளரவில்லை. மச்சான் பரணிலிருந்து கருவிப் பையை இறக்கினார்.

அவர் தனியாக வேலைக்குப் போவார் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. முதலில் யாரோடாவது சேர்ந்து போங்கள் என்று அவள் சொன்னதற்கு அவர் சரி என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசர வேலையென்று அக்கா பல் கட்டும் கூடத்துக்குப் போயிருந்தபோது, பள்ளிக்கரணையிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, தொலைபேசியில் அழைத்தார். படுக்கையில் கிடக்கும் கணவரின் அறையில் குளிர்ச்சி வரவில்லையென்றார். மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டார். "டீச்சரம்மா கூப்ட்டா போவாம இருக்க முடியாது மேடம். தோ, வந்துர்றேன்" என்று வண்டியைக் கிளப்பினார்.

உச்சிவெயிலில் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், இடக்கையால் வாங்கிக் கீழே வைத்துவிட்டார். கருவிப் பையைத் திறந்து பார்த்தார், மூடினார். பிறகு அலமாரியின்மேலிருந்த காரை எடுத்துப் போர்வையை விரித்துக் கவிழ்த்தார். இந்த முறை திருப்புளி அவருடைய இடக்கையில் இருந்தது. ஒரு திருகாணியைக் கழற்றினார், மறுபடி போட்டார், முறுக்கினார். நிறுத்தினார். மறுபடி கழற்றினார். உணர்வுள்ள கை அல்லவா அது; பிளாஸ்டிக்கையும் சோடாவையும் அறிந்த கை. "இது என்னுது இல்ல" என்றார் மெதுவாக. துளையூசியை எடுத்துத் துளைக்குள் விட்டுத் திருகினார். வெண்பொடி வந்தது, ஆனால் சோடாவைப்போல் நொறுங்கி வரவில்லை, சுருள் சுருளாக வந்தது. ஒரு மெல்லிய பளபளப்பான இழை அதில் தொங்கியது. விரலில் ஒற்றி முகர்ந்தார். பிறகு அந்த விரலை என் மூக்கருகே நீட்டினார்.

அக்கா வீட்டுக்குள் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. அவளுடைய நெடி மட்டும் முன்பே வந்து அந்த விரல்நுனியில் இருந்தது.

பள்ளிக்கரணையில் நடந்ததை அதன்பிறகுதான் சொன்னார், துண்டு துண்டாக, காரைப் பார்த்துக்கொண்டே. மூன்றாம் மாடி. பெட்டி சன்னலுக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் இருந்தது. வெயில்மறைப்புத் தளத்தில் இறங்கி நின்று, சன்னல் கம்பிக்குள் இடமுழங்கையைக் கோத்துக்கொண்டு நட்டை முறுக்கியிருக்கிறார். கை வந்துவிட்டதென்ற துணிவில் நன்றாகவே முறுக்கியிருக்கிறார். செம்பு கிழிந்து வாயு சீறியபோதுதான் மிகுந்துவிட்டதென்று தெரிந்திருக்கிறது. அடுத்த கணம் கீழே வண்டி நிறுத்துமிடத்தின் தகரக் கூரையில் எதுவோ விழுந்த ஓசை. எட்டிப் பார்த்தால், ஸ்பேனர். தம் கையிலிருந்து அது நழுவியதே அவருக்குத் தெரியவில்லை. ஆசிரியை கோபப்படவில்லை. "பரவாயில்லப்பா. கை நல்லா ஆனப்புறம் வா. இப்போதைக்கு வேற யாரையாவது அனுப்பிவிடு" என்றாராம். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றார் மச்சான்.

மாலையில் அக்கா வந்தாள். போர்வையையும், கவிழ்ந்த காரையும், தரையில் சிதறிய வெண்சுருள்களையும் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"யாரு போட்டது இது?" என்றார் மச்சான்.

"நான்தான்."

"எப்போ?"

"நீங்க வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் போயிருந்தப்ப."

"எந்த ஓட்ட?"

"எல்லாம்."

மச்சான் சிரித்தார். எனக்கு அது கேட்கச் சகிக்கவில்லை. "ஏம்மா, கிழவன் கிழவிக்குக் கட்டுற பல்ல எட்துகினு வந்து காருக்குக் கட்டி வுட்டுக்கீற. நல்லா கடிச்சுப் பிடிக்குதும்மா. ஒன்னும் ஆடல."

"ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்" என்றாள் அக்கா. "நீங்க சிரிச்சீங்க. அது நின்னன்னிக்கு நீங்க சிரிச்சீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"மூணாவது மாடிம்மா."

அக்காவுக்குப் புரியவில்லை. அவர் வலக்கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஜன்னலுக்கு வெளிய நின்னுகினு கீறேன், இத்த நம்பி. ஸ்பேனர் கீழ வுழுந்து சத்தம் கேட்டப்புறம்தான் தெரியுது, கையில இல்லன்னு. எத்த புட்ச்சிகினு கீறேன், எத்த வுட்டுட்டேன், ஒன்னும் தெர்ல எனக்கு."

அக்கா உள்ளே வந்து, கவிழ்ந்த காரின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கைப்பை தோளிலேயே இருந்தது. நான் இருவருக்கும் நடுவே நின்றேன். மேடையில் இரு அணிகளுக்கும் நடுவே நிற்பது எனக்குப் புதிதன்று. அன்பினால் சொன்ன பொய்யை ஆதரித்தும் எதிர்த்தும் நான் பேசியிருக்கிறேன். ஒரே ஆண்டில் இரண்டுக்கும் கோப்பை வாங்கியிருக்கிறேன். அந்தக் கூடத்தில் அவ்விரண்டு உரைகளில் ஒன்றின் முதல் வரிகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் ஓசை கேட்டது. மச்சான் எழுந்து, தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளு செய்யப் போனார். போகும்போது அக்காவின் அருகே நின்றார்.

"இந்தக் கை சொல்லாதும்மா. நீயாவது சொல்லணும்ல?"

அவ்வளவுதான். அதன்பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றிச் சண்டையில்லை, சமாதானமும் இல்லை. மறுநாள் மாலை அவர் எல்லாத் துளைகளிலிருந்தும் பல் கட்டும் பொருளைத் துளையூசியால் குடைந்தெடுக்கத் தொடங்கினார். நன்றாக இருப்பதை ஏன் எடுக்க வேண்டும், இனிமேல் காராவது ஓடட்டுமே என்று நான் கேட்டேன். "ஓட்றதுக்கா இத்த எட்த்தேன்?" என்றார். குடைந்ததில் தூண்களின் சுவர் மெலிந்து, ஒன்று நெடுக விரிசல் விட்டது. வேலையில் மிஞ்சிய மெல்லிய செம்புக் குழாயிலிருந்து வளையங்கள் அறுத்து, மோதிரம் மாட்டுவதுபோல் ஒவ்வொரு தூணுக்கும் மாட்டினார். வெளிப்புறம் பிளக்காமலிருக்க வளையம். உட்புறம் பழையபடி பசையும் சோடாவும். மிகுந்தால் தேயக்கூடிய, தேய்ந்தால் தெரியக்கூடிய துளைகள். செம்பை அறுத்ததெல்லாம் இடக்கை. வலக்கை பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது. பிடித்திருக்கிறதா என்று அவர் அடிக்கொருமுறை பார்த்துக்கொண்டார்.

நான் படிப்பை முடித்து அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். இப்போதும் பேசுகிறேன். ரயிலேறி வெளியூர்களுக்குப் போய்ப் பேசுகிறேன். தலைப்புகள் மாறுகின்றன, நாற்காலிகள் மாறவில்லை, கைதட்டல் எந்த இடத்தில் வரும் என்பது பேசுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. என் திறமையில் எனக்கு ஐயமில்லை. களைப்பு வேறெங்கிருந்தோ வருகிறது. முன்பெல்லாம் பேச்சின் உச்சத்தில், எதிரணி வாயடைத்துப்போகும் கணத்தில், இன்னும் ஒரு சுற்று முறுக்கலாம் என்று தோன்றும். இப்போது அந்தக் கணத்தில் எனக்கு ஒரு நெரிசல் ஒலி கேட்கிறது. நான் அமர்ந்துவிடுகிறேன். அதனால் சில கோப்பைகளை இழந்திருக்கிறேன்.

மச்சான் இன்று மேற்குத் தாம்பரத்தில், ஏ.சி. உதிரிபாகக் கடையொன்றில் வேலை பார்க்கிறார். ஏ.சி. பூட்டப் போன இளைஞர்கள் மொட்டைமாடிகளிலிருந்து அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சந்தேகம் கேட்கிறார்கள். இவர் கடையில் நின்றபடி, "அவ்ளோ வேணாம்டா, நிறுத்து, நிறுத்து" என்று கத்துவதை நானே கேட்டிருக்கிறேன். கட்டைவிரலில் சிறிது உணர்வு வந்திருக்கிறது. தண்ணீர் சூடா குளிரா என்று அதற்குத் தெரிகிறது. மற்ற இரண்டும் வரவில்லை. இனிமேல் வருமென்று மருத்துவர் சொல்வதுமில்லை, வராதென்று சொல்வதுமில்லை. சன்னலுக்கு வெளியே அவர் மறுபடி இறங்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முடிச்சூர் போயிருந்தேன். கூடத்தில் போர்வை விரிந்திருந்தது. கார் கவிழ்ந்து கிடந்தது. கறுப்புத் தட்டில் செம்பு வளையங்களுக்கு நடுவே அதே வெள்ளைப் புள்ளிகள். மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். மச்சானின் தலைமுடி நரைத்திருக்கிறது. காதைச் சாய்த்து, திருகாணியைப் பின்பக்கமாகத் திருப்பி, 'டக்' என்ற ஒலிக்காகக் காத்திருந்து, பிறகு முன்பக்கமாக முறுக்கினார். ஓரிடத்தில் தாமாகவே கையை நிறுத்தினார். சற்று யோசித்தார். திருப்புளியை அப்படியே விட்டுவிட்டு, எதிரே அமர்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

"நிக்குதா?"

அக்கா திருப்புளியை வாங்கினாள். விரல் நுனிகளால் மட்டும் பிடித்து, மெல்லத் திருப்பிப் பார்த்தாள். அவருடைய முகத்தை அவள் பார்க்கவில்லை; அவர் அவளுடைய முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கிறது என்று அவள் சொல்லிவிட வேண்டுமென்று எனக்கு இருந்தது. அந்தச் சொல்லை அவளுக்காக நானே சொல்லிவிடும் அளவுக்கு இருந்தது.

"இல்லீங்க" என்றாள் அக்கா. "சுத்துது."

"சரி" என்றார் மச்சான். போர்வையில் கையூன்றி எழுந்து, சோடா டப்பாவை எடுத்துவரச் சமையலறைக்குள் போனார்.